தகட்டில் இருப்பதையெல்லாம் ஒட்ட வேண்டியதில்லை

கேள்வி இது: "ஏழெட்டு பிளாஸ்டிக் மாதிரி விமான கிட் கட்டியிருக்கிறேன். இப்போது 1/48 அளவில் ஸ்பிட்ஃபயர் மார்க் 9, கூடவே அதற்கான ஃபோட்டோ எட்ச் தகடு (நுணுக்கமான பித்தளைப் பாகங்கள் அரித்தெடுத்த மெல்லிய தகடு) ஒன்றும் வாங்கிவிட்டேன். தகட்டில் எண்பதுக்கு மேல் துண்டுகள். இதற்கு முன் ஒரு சின்னத் தகட்டை முயன்றபோது சீட் கோணலானது, இரண்டு துண்டுகள் பறந்து காணாமல் போயின, கடைசியில் காக்பிட்டை மூடும் கண்ணாடிக் கேனபி வெள்ளை பூத்துவிட்டது. எல்லாத் துண்டுகளையும் போட்டே ஆக வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?"

போட வேண்டியதில்லை. முதல் ஒன்றிரண்டைத் தவிர நான் கட்டிய எதிலும் முழுத் தகட்டைப் பயன்படுத்தியதில்லை. அந்த ஒன்றிரண்டில் பிடிவாதமாக அத்தனையையும் ஒட்டினேன். அலமாரியில் அவைதான் இன்றைக்கும் மோசமாகத் தெரிகின்றன. பாதித் துண்டுகள் போதும். எந்தப் பாதி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இந்தத் துண்டுகளை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் விடை பாதி கிடைத்துவிடும். மெல்லிய பித்தளைத் தகட்டின் இரண்டு பக்கமும் ஒளி பட்டால் தன்மை மாறும் ஒரு பூச்சைப் பூசுகிறார்கள். அதன்மேல் வரைபடம் பதிந்த ஃபிலிமை வைத்துப் புற ஊதா ஒளியைக் காட்டுகிறார்கள். கழுவிய பிறகு பூச்சு ஒட்டி நிற்கும் இடத்தில் பித்தளை தப்பிக்கும்; பூச்சு போன இடத்தை ஃபெர்ரிக் குளோரைடு கரைசல் அரிக்கும். இரண்டு பக்கமும் அரித்தால் ஓட்டை. ஒரு பக்கம் மட்டும் அரித்தால் பாதி ஆழத்தில் பள்ளம். மடிப்புக் கோடு, ரிவெட் குழி, கருவிப் பலகையில் இருக்கும் எழுத்து எல்லாம் இந்தப் பாதி அரிப்புதான். ஆக, எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் கையில் இருப்பது ஒரு தட்டைத் தகடு. உருண்டையான எதையும் அதால் காட்ட முடியாது.

அதன் பலம் மெல்லிசு. இந்தத் தகடுகள் பெரும்பாலும் 0.1 முதல் 0.2 மி.மீ. தடிமன். 0.1 மி.மீ. என்பது 1/48 அளவில் நிஜத்தின் 4.8 மி.மீ.க்குச் சமம். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் 0.6 மி.மீ. சுவர் என்றாலே நல்ல வார்ப்பு. அது நிஜத்தில் கிட்டத்தட்ட 29 மி.மீ. ஆகிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அலுமினியத் தகடாக இருக்க வேண்டிய கதவு, கதவு நிலைப்பலகை கனத்தில் வந்து நிற்பது அதனால்தான். 1/72 அளவில் இன்னும் மோசம்.

எனவே ஒவ்வொரு துண்டையும் எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நிஜ விமானத்தில் இந்தப் பாகம் தகடா, வலையா, வாரா? ஆம் என்றால் பித்தளை. குழாயா, கம்பியா, வார்ப்பா? அப்படியென்றால் கிட்டிலிருக்கும் பிளாஸ்டிக்கோ, நீங்களே வெட்டும் கம்பியோ மேல்.

உங்கள் ஸ்பிட்ஃபயரில் இதைப் போட்டுப் பார்ப்போம். சீட் பெல்ட், பித்தளை. கருவிப் பலகை, பித்தளை. காலால் மிதிக்கும் ரடர் பெடல்களும் மடித்துச் செய்தால் அழகாக வரும். இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் ரேடியேட்டர் கூடுகள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் முன்னும் பின்னும் வரும் வலை முகப்புகளைக் கண்டிப்பாகப் போடுங்கள். தகட்டிலேயே குறைந்த உழைப்புக்கு அதிகப் பலன் தருவது அவைதான். தட்டையாக ஒட்டினால் முடிந்தது. பைலட் பிடிக்கும் கட்டுப்பாட்டுத் தண்டின் வட்டப் பிடியைத் தொடாதீர்கள். நிஜத்தில் அது உருண்டைக் குழாய் வளையம். பித்தளையில் செய்தால் நாணயத்தில் ஓட்டை போட்டதுபோல இருக்கும். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் நெம்புகோல்கள் இரண்டுங்கெட்டான்: தண்டு தட்டை, குமிழ் உருண்டை. பித்தளைத் தண்டை ஒட்டி, அதன் நுனியில் வெள்ளைப் பசையை ஊசியால் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டால் குமிழ் தானாக உருண்டு நிற்கும். வேகமானி கருவிக்கான பிட்டோ குழாயைத் தகட்டிலிருந்து எடுக்கவே வேண்டாம். மெல்லிய ஊசிக் குழாயோ பித்தளைக் குழாயோ நூறு மடங்கு மேல்.

இந்தக் கேள்வி சில சமயம் எதிர்பாராத விடை தரும். முதல் உலகப் போர்க் கால இரட்டை இறக்கை விமானங்களில் இறக்கைகளை இழுத்துக் கட்டும் கம்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி என்றால் உருண்டை, எனவே நூலோ நைலானோ போடலாம் என்றுதான் தோன்றும். ஜெர்மன் விமானங்களில் அது சரி, அவை முறுக்கிய எஃகுக் கம்பிகள். போரின் பிற்பகுதி பிரிட்டிஷ் விமானங்களிலோ காற்றைக் கிழிக்கும்படி தட்டையாக உருட்டிய கம்பிகள். அங்கே பித்தளைப் பட்டைதான் உண்மைக்கு நெருக்கம்.

அடுத்து ஃப்ளாப், அதாவது தரையிறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பிலிருந்து கீழே இறங்கும் மடல். உங்கள் தகட்டில் ஃப்ளாப்பும் இருந்தால் துண்டுகளில் பெரும்பகுதி அதிலேயே போயிருக்கும். உட்புறம் வரிசையாக வரும் ஒவ்வொரு விலா எலும்புச் சட்டத்தையும் தனித்தனியாக 90 பாகை முறுக்கி நிறுத்த வேண்டும், இறக்கையின் உட்புறப் பிளாஸ்டிக்கைச் சுரண்டி மெல்லிசாக்க வேண்டும். ஒரு வாரம் போய்விடும். முடித்த பிறகு ஒருவர் வந்து, நிறுத்திவைத்த ஸ்பிட்ஃபயரில் ஃப்ளாப் ஏன் இறங்கியிருக்கிறது என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம். ஸ்பிட்ஃபயரின் ஃப்ளாப்புக்கு இரண்டே நிலைகள்: மேலே, இல்லாவிட்டால் முழுவதும் கீழே, 85 பாகை. தரையில் ஓடும்போது அது கீழே இருந்தால் ரேடியேட்டர் வழியாகப் போகும் காற்று தடைப்பட்டு எஞ்சின் சூடாகும். எனவே இறங்கிய கையோடு மேலேற்றிவிடுவார்கள். பழுது பார்க்கும் காட்சியாக வைக்கப்போகிறீர்கள் என்றால் இறக்கலாம். ஆனால் அப்போது இறக்கையின் மேல்பக்கம் ஒரு சின்ன மூடி நிமிர்ந்து நிற்க வேண்டும், ஃப்ளாப் இறங்கியிருப்பதைப் பைலட்டுக்குக் காட்டும் அடையாளம் அது. ஃப்ளாப்புக்காக ஒரு வாரம் உழைத்தவர்கள் பலரும் மறப்பது அந்த மூடியைத்தான்.

ஃப்ளாப் இறக்க ஆசையென்றால் அமெரிக்கப் போர் விமானமான மஸ்டாங் கட்டுங்கள். நிறுத்திவைத்த மஸ்டாங்கில் ஹைட்ராலிக் அழுத்தம் குறையக் குறைய ஃப்ளாப்பும் உட்பக்கச் சக்கரக் கதவுகளும் தாமாகவே தொங்கிவிடும். அதைவிட நல்லது டான்ட்லெஸ். அந்த அமெரிக்கக் கடற்படைக் குண்டுவீச்சு விமானம் செங்குத்தாகப் பாயும்போது வேகத்தைத் தடுக்க, இறக்கையின் பின்விளிம்பு மேலும் கீழுமாகப் பிளந்து விரியும். வால் அதிராமலிருக்க அதில் வரிசை வரிசையாக டென்னிஸ் பந்து அளவுத் துளைகள். பிளாஸ்டிக்கில் அவை வெறும் குழிகளாக இருக்கும், அல்லது தடித்த சுவரில் சுரங்கம்போலத் தெரியும். பித்தளையில் வெளிச்சம் ஊடுருவும். ஃபோட்டோ எட்ச் என்ற தொழில்நுட்பத்தையே அந்த விமானத்துக்காகத்தான் கண்டுபிடித்தார்களோ என்று தோன்றும்.

சரி, வேலைக்கு வருவோம்.

உங்கள் சீட் கோணலானதற்குக் காரணம் மடித்த விதம் இல்லை, வெட்டிய இடம் என்று நினைக்கிறேன். வெட்டுவதற்கென்று விற்கும் பச்சை நிற விரிப்பின்மேல் வைத்து வெட்டியிருப்பீர்கள். அந்த விரிப்பு அமுங்கும்; கத்தி இறங்கும்போது துண்டும் கூடவே வளையும். மடிப்பதற்கு முன்பே அது நெளிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடித் துண்டு, வழுவழுப்பான ஓடு என்று கடினமான எதன்மேலாவது வைத்து வெட்டுங்கள். கத்தி சீக்கிரம் மழுங்கும், மாற்றிக்கொள்ளுங்கள். துண்டு பறப்பதற்கும் மருந்து எளிது: வெட்டுவதற்கு முன் துண்டின்மேலும் சட்டத்தின்மேலும் சேர்த்து மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். மிகச் சின்னத் துண்டுகளுக்கு நான் கைகளையும் தகட்டையும் ஒரு பெரிய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் விட்டு வெட்டுவேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அப்படியும் விழுந்துவிட்டால், அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள். துண்டைவிட அதன் நிழல் நீளமாகத் தெரியும். காந்தத்தை எடுத்துக்கொண்டு தேடாதீர்கள், பித்தளை அதற்கு அசையாது.

வெட்டிய இடத்தில் நிற்கும் சின்ன முளையை உரச வேண்டும். தட்டை மூக்குக் குறட்டில், முளை மட்டும் வெளியே தெரியும்படி துண்டைப் பிடித்து, விளிம்பின் நீளத்தோடு அரத்தை ஓட்டுங்கள். குறுக்கே ஓட்டினால் துண்டு மடங்கிவிடும். குறட்டின் உட்பக்கம் பல் இல்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மடிப்பதற்கென்றே தனிக் கருவி விற்கிறார்கள். நல்லதுதான், நீளமான மடிப்புகள் நிறைய இருந்தால் வாங்குங்கள். ஒரு சீட்டுக்காக வேண்டாம். ஓர் எஃகு அளவுகோல், ஒரு நீளமான ரேசர் பிளேடு போதும். அளவுகோலை மடிப்புக் கோட்டின்மேல் அழுத்திப் பிடித்து, மறுபாதிக்கு அடியில் பிளேடை நுழைத்து மொத்த நீளத்தையும் ஒரே சமயத்தில் தூக்குங்கள். ஒரு முனையில் தூக்கி மறு முனைக்குப் போனால் முறுக்கிக்கொள்ளும். பள்ளக்கோடு பொதுவாக மடிப்பின் உட்பக்கம் வர வேண்டும். விதிவிலக்கு இருந்தால் விளக்கத் தாளில் காட்டியிருப்பார்கள். பெட்டி மாதிரியான துண்டுகளில் சின்ன உள்மடிப்புகளை முதலில் முடித்துவிடுங்கள், பெரிய சுவர்களைத் தூக்கிவிட்டால் பிறகு உள்ளே குறடு போகாது. முக்கியமானது இது: ஒரு கோட்டில் ஒரு தடவைதான். தப்பாக மடித்துவிட்டால் ஒரு முறை திருத்தலாம். மூன்றாம் தடவை பித்தளை கையோடு வந்துவிடும்.

வளைவு வேறு சங்கதி. பித்தளை ஸ்பிரிங்போலத் திமிரும், வளைத்தாலும் பழைய நிலைக்கு வரப் பார்க்கும். அதை நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். இடுக்கியால் பிடித்துச் சாராய விளக்கின் சுடரில் மங்கலான சிவப்பு ஏறும்வரை காட்டி, எடுத்து ஆறவிடுங்கள், அவ்வளவுதான். மெழுகுவத்தி வேண்டாம், கரி பிடிக்கும். கண்ணை எடுத்துவிட்டால் மெல்லிய நுனிகள் உருகிப்போகும், பார்த்துக்கொண்டே செய்யுங்கள். எல்லாவற்றையும் இப்படி இளக்கவும் கூடாது. நேராக விறைத்து நிற்க வேண்டிய கதவை இளக்கினால் தொட்ட இடமெல்லாம் நெளியும்.

இளக்குவதன் அருமையை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு துப்பாக்கி. முதல் உலகப் போர் ஜெர்மன் விமானங்களின் மூக்கில் ஸ்பாண்டாவ் என்று பொதுவாக அழைக்கப்படும் இயந்திரத் துப்பாக்கி இருக்கும். குழலைச் சுற்றித் துளைகள் நிறைந்த ஓர் உறை, காற்றில் குளிர்வதற்காக. தகட்டில் அது ஒரு சின்னச் சல்லடைத் துண்டாக வரும், அதை உருளையாக்க வேண்டும். முதல் இரண்டை இளக்காமல் உருட்டினேன். துளை இருக்கும் இடத்தில் முறிந்து, இல்லாத இடத்தில் நேராக நின்று, எட்டுப் பட்டை உருளையாக வந்தது. மூன்றாவதை இளக்கி, ஒரு மெத்தென்ற அழிரப்பரின்மேல் வைத்து, உறையின் உள்விட்டத்தைவிடக் கொஞ்சம் சிறிய துளைப்பான் தண்டால் முன்னும் பின்னும் உருட்டினேன். காகிதம்போலச் சுருண்டது. தண்டு சற்றுச் சிறியதாக இருப்பது அவசியம், எடுத்ததும் உலோகம் கொஞ்சம் விரியும்.

சீட் பெல்ட்டுக்கும் இதே வழிதான். 1/48 அளவில் பெல்ட்டின் அகலம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். தட்டையாக ஒட்டினால் சீட்டின்மேல் பலகை கிடப்பதுபோல இருக்கும். துணி எங்கே தொங்கும், எங்கே மடியும் என்று யோசித்து, சீட் விளிம்பில் விழவிட்டு, ஒரு இடத்தில் லேசாகப் புரட்டி ஒட்டுங்கள். காக்பிட்டில் பார்ப்பவர் கண் முதலில் போவது பெல்ட்டுக்குத்தான். ஏற்கெனவே வண்ணம் அச்சிட்ட தகடு என்றால் மட்டும் நெருப்பில் காட்டாதீர்கள், வண்ணம் கருகிவிடும். விரலால் மெதுவாக வளைத்து, மடிப்பில் வெடித்த வண்ணத்தைத் தூரிகையால் தொட்டுவிடுவதே வழி.

அந்த அச்சு வண்ணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தகட்டிலிருக்கும் காக்பிட் பச்சையும் உங்கள் புட்டியிலிருக்கும் பச்சையும் ஒத்துப்போகாது. எந்த நிறுவனத்தின் புட்டியாக இருந்தாலும் சரி. பக்கச்சுவரை ஒரு பச்சையில் பூசி, அதன்மேல் வேறு பச்சையில் பித்தளைப் பெட்டிகளை ஒட்டினால் ஒட்டுப்போட்ட சட்டைதான். ஒன்று, அச்சிட்ட பச்சைக்கு ஏற்பப் புட்டி வண்ணத்தைக் கலந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் அச்சிட்ட துண்டுகளில் கருவிப் பலகையையும் பெல்ட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றின்மேல் உங்கள் வண்ணத்தைப் பூசிவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

இனி பசை. பிளாஸ்டிக் சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைப்பது, பித்தளையிடம் அது பலிக்காது. சூப்பர் க்ளூ வேண்டும். புட்டியிலிருந்து நேராக விடாதீர்கள். தையல் ஊசியின் காதின் நுனியை வெட்டி இரண்டு முனைக் கவையாக்கி, அதில் ஒரு துளி எடுத்து, ஏற்கெனவே இடத்தில் வைத்துவிட்ட துண்டின் ஓரத்தில் தொட்டால் போதும், இடைவெளி தானாக உறிஞ்சிக்கொள்ளும். நகர்த்திச் சரிசெய்ய நேரம் வேண்டுமானால் ஜெல் வகை. நிறைய விட்டால் பலமாக ஒட்டும் என்பது தவறு. இந்தப் பசை காற்றிலும் மேற்பரப்பிலும் இருக்கும் ஈரப்பதத்தால் இறுகுவது, கனமாக விட்டால் உள்ளே இறுகத் தாமதமாகும். ஒட்டும் பக்கத்தை மெல்லிய உப்புத்தாளால் ஓர் இழுப்பு இழுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேனபி வெளுத்தது இந்தப் பசையின் ஆவியால். இறுகும்போது கிளம்பும் ஆவி மூடிய இடத்தில் சுற்றி, கண்ணாடியின்மேல் வெண்படலமாகப் படியும். எனக்கும் நடந்திருக்கிறது, முழுதாக வண்ணம் பூசி முடித்த விமானத்தில். காக்பிட்டில் சூப்பர் க்ளூ போட்டால் ஒரு நாள் திறந்தே வைத்துவிட்டு அப்புறம் கேனபியை மூடுங்கள். கேனபியையும், அதன் உள்ளே வரும் பித்தளைக் கைப்பிடி, கண்ணாடிச் சட்டம் ஆகியவற்றையும் வெள்ளைப் பசையால் மட்டும் ஒட்டுங்கள். வெளுத்துப்போன பழைய கேனபியைத் தூக்கி எறியாதீர்கள். மிக மெல்லிய பாலிஷால் தேய்த்து, பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷில் முக்கி எடுத்து, தூசு படாமல் மூடிக் காயவிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அசிட்டோனால் துடைக்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். அது சூப்பர் க்ளூவைக் கரைக்கும், கேனபியையும் சேர்த்துக் கரைக்கும்.

கருவிப் பலகைக்குப் பசையே தேவையில்லை. முள்ளும் எண்ணும் அச்சிட்ட பின்தகட்டின்மேல் பளபளப்பு வார்னிஷ் பூசி, ஈரமாக இருக்கும்போதே முன்தகட்டை வைத்து அழுத்துங்கள். காய்ந்ததும் ஒவ்வொரு வட்டத்திலும் வார்னிஷ் ஒரு துளி விட்டால் அதுவே கண்ணாடி.

பாரம் தாங்கும் இடத்தில், நீளமான ஏணி, சட்டம் போன்றவற்றில், சூப்பர் க்ளூ நம்பகமானதில்லை. நேராக இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் தட்டினால் பட்டென்று விட்டுவிடும். அங்கே ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். பிளாஸ்டிக்கோடு சேர்ப்பதற்கு முன்பே அதை முடித்து, ஈயம் பிடிப்பதற்காகப் பூசும் ஃப்ளக்ஸைச் சோப்பு நீரில் கழுவிவிட வேண்டும். ஸ்பிட்ஃபயரில் இதற்குத் தேவை வராது.

வரிசை என்று பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் கிட்டின் விளக்கத் தாளையும் தகட்டின் தாளையும் பக்கத்தில் வைத்து, எந்தத் துண்டு வேண்டும் என்று பேனாவால் குறித்துவிடுங்கள். பிளாஸ்டிக்கில் எதைச் சீவி எடுக்க வேண்டும் என்பதை அப்போதே பாருங்கள், ஒட்டிய பிறகு சீவ முடியாது. தரை, பக்கச்சுவர், சீட், பலகை எல்லாவற்றையும் பசையில்லாமல் பொருத்தி, உடலின் இரண்டு பாதிகளும் மூடுகின்றனவா என்று ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். 0.1 மி.மீ. என்று அலட்சியமாக இருப்போம். இரண்டு பக்கமும் சுவரில் ஒன்று, அதன்மேல் பெட்டி ஒன்று என்று சேர்ந்து, உடல் கால் மில்லிமீட்டர் வாய் பிளந்து நிற்கும். வண்ணம் பூசுவதற்கு முன் பித்தளையை ஆல்கஹாலால் துடைத்து, உலோகத்துக்கான ப்ரைமர் பூசுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் உரிந்து வரும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் கடைசி நாளுக்கு வையுங்கள். நான் ஸ்டிக்கர் ஒட்டும்போது உடைக்காத ஆன்டெனா இதுவரை இல்லை.

வேண்டாம் என்று விட்ட துண்டுகளைச் சட்டத்தோடு ஓர் உறையில் போட்டு, எந்த விமானம் என்று எழுதி வையுங்கள். அடுத்த கிட்டில் ஒரு நெம்புகோலோ கதவுக் கீலோ தேவைப்படும்போது உதவும். துண்டுகள் தீர்ந்த பிறகு எஞ்சும் வெறும் சட்டத்தையும் எறிய வேண்டாம். ஒரே தடிமனில், நேர் விளிம்போடு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் பித்தளைப் பட்டை வேறெங்கும் சும்மா கிடைக்காது. மடிப்பதையும் இளக்குவதையும் முதலில் அதில் நாலைந்து தடவை செய்து பார்த்துவிட்டு அப்புறம் சீட்டைத் தொடுங்கள்.